குதிரில் எழுதிய முகங்கள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பிரிம் என்றொரு சிற்றூர். 1939-இல் எழுப்பப்பெற்றுப் பின்னர்ப் பயனற்று நின்ற கான்கிரீட் தானியக் குதிர்கள் அங்குண்டு. நம் வீடுகளில் நெல் கொட்டிய மண்குதிரின் பேருருவம் எனலாம். அவற்றின்மீது 30 மீட்டர் அளவு உயரத்திற்கு, கைடோ வான் ஹெல்டன் என்னும் ஓவியர் 2016-இன் தொடக்கத்தில் நான்கு உழவர்களை எழுதி முடித்தார். அரசரில்லை, தலைவரில்லை, பெயர்கூட இல்லை. ஆணும் பெண்ணுமாய், முதுமையும் இளமையுமாய் நிற்கின்றனர். வண்ணங்களோ கான்கிரீட்டின் மங்கலோடு ஒன்றியவை. சுவரிலிருந்தே உருவங்கள் முளைத்தாற்போலத் தோன்றும். இவ்வடக்கமே ஓவியத்தின் உயிர் என்பேன். பாழ்பட்ட ஆலைக்குப் பகட்டு வண்ணம் பூசுவோர் பலர். அது பிணத்துக்குப் பட்டுடுத்தும் வேலை.

மைசூர்த் தமிழர்க்கு இவ்வோவியம் கோலார் தங்கவயலை நினைவூட்டாமற் போகாது. 1902-இல் சிவனசமுத்திரத்து மின்சாரம் முதலிற் சென்றது அங்கேதான். வட ஆர்க்காட்டிலிருந்து போய், மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கி உழைத்தவர் நம்மவர். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பெற்றது. சுரங்க வாய்மேல் நிறுத்திய இரும்புக் கோபுரங்கள் வெறும் சட்டங்கள். அவற்றில் முகம் எழுத இயலாது. கட்டடச் சுவர்களில் எழுதலாம். ஆனால் அங்கு எழுதப்பெறும் முதல் முகம் ஜான் டெய்லர் கம்பெனித் துரையொருவருடையதாக இருக்குமாயின், எனக்கு உடன்பாடில்லை.