காலி செய்த வீட்டின் அட்வான்ஸ்

வீட்டு அட்வான்ஸ் என்பது குடிவருபவர் வீட்டுக்காரரிடம் கொடுத்துவைக்கும் பிணைத்தொகை. வாடகை பாக்கி, மின்கட்டணம், உடைந்த பொருள் ஆகியவற்றுக்கு அது ஈடு. கணக்கு தீர்ந்தபின் மீதி குடியிருந்தவருக்குத் திரும்ப வேண்டும். கொடுக்கும்போது யாரும் சண்டையிடுவதில்லை. திரும்பக் கேட்கும்போதுதான் மனத்தாங்கல் வருகிறது.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் இதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. அரியலூரைச் சுற்றியுள்ள சிமென்ட் ஆலைகளுக்கு வேலைக்கு வருபவர்கள், 2007இல் அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானபின் மாற்றலில் வந்துபோகும் அரசு அலுவலர்கள், பெரம்பலூரில் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டுக் கூடவே வந்து தங்கும் குடும்பங்கள் என வாடகைக்கு வருபவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். படிப்போ பணியோ முடிந்தால் ஊரைவிட்டே போய்விடுவார்கள். வேறு மாவட்டத்துக்குப் போனபின் பத்தாயிரம் ரூபாய்க்காக நான்கு முறை பேருந்து ஏறி வருவது எளிதல்ல. பணம் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. கேட்க வேண்டியவர் தொலைவில் இருக்கிறார்.

அதற்காக இந்த வழக்கமே தவறு என்று சொல்லிவிட முடியாது. முன்பின் தெரியாத குடும்பத்தை நம்பிச் சாவியைக் கொடுப்பவருக்கு வேறு பிடிமானம் கிடையாது. மின்கட்டணக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுவதால், காலி செய்தவர் எரித்த மின்சாரத்துக்கான பில் அவர் போனபின்பும் வரலாம். அட்வான்ஸ் இல்லாவிட்டால் அந்தச் சுமை முழுதும் உரிமையாளர் தலையில் விழும். ஓய்வூதியத்தோடு ஒரு மாடி வாடகையையும் நம்பி வாழும் முதியவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல.

சட்டம் இதை இருமுறை ஒழுங்குபடுத்தப் பார்த்தது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. ஆனால் சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் ஊரறிந்த வழக்கமாக நிலைத்தது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள 2017ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பை மூன்று மாதமாக உயர்த்தியது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, பணத்தைத் திருப்ப வேண்டும் என்றும் கூறியது. ‘அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்’ என்ற வழக்கமான பதிலுக்கு இதில் இடமில்லை. ஆயினும் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் மூன்று மாத வரம்பு பொருந்தாது என்ற விலக்கும் அதே பிரிவில் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுதுவது பெரும்பாலும் வீட்டுக்காரர். ஆகவே வரம்பு இருந்தும் இல்லாததுபோல் ஆகிறது.

பெரிய அநியாயம் பெயிண்ட் கணக்கில் நடக்கிறது. காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை வெள்ளையடிக்கப் பிடித்துக்கொள்வது எழுதாத விதியாகிவிட்டது. வாடகை 7,000 என்றால் மூன்று மாத அட்வான்ஸ் 21,000; அதில் 7,000 காரணம் கேட்காமலே போய்விடும். ஐந்து ஆண்டு இருந்தவருக்கும் பதினொரு மாதம் இருந்தவருக்கும் அதே பிடித்தம். பல இடங்களில் சுவருக்குப் புதுப் பெயிண்டும் ஏறுவதில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமே, நியாயமான புழக்கத்தால் வரும் தேய்மானத்துக்குக் குடியிருப்பவரைப் பொறுப்பாக்கவில்லை. சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு, ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதையும் உரிமையாளரின் பொறுப்பாகவே 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை வைத்திருக்கிறது. குழாய், சுவிட்சு, பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவைதாம் குடியிருப்பவர் பொறுப்பு. அங்கேயும் நிதானம் வேண்டும். உப்புத் தண்ணீரால் குழாயில் படியும் வெள்ளைப் பொருக்கு குடியிருந்தவர் செய்த சேதமாகாது. உடைந்த கண்ணாடி சேதம்தான்.

பணம் வராது என்று அஞ்சுபவர்கள் கடைசி இரண்டு மூன்று மாத வாடகையைக் கொடுக்காமல் ‘அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள். அவர்களுடைய அச்சம் புரிகிறது. ஆனால் வீடு கைக்கு வருமுன்பே பிணைத்தொகை கரைந்துவிடுவதால் நேர்மையான உரிமையாளரும் இதில் நட்டப்படுகிறார்.

ஒத்திக்கு வீடு பிடிப்பவர்களின் ஆபத்து இன்னும் பெரிது. மாத வாடகை இல்லாமல் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துக் குடியிருக்கும் இந்த முறையில், பத்திரம் பதிவாகாவிட்டால் அடமான உரிமை நிற்காது. வீடு முன்பே வங்கிக் கடனில் இருந்தால் வங்கிக்கே முதல் உரிமை.

தகராறு வந்தால் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியை அணுகச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதற்கு எழுத்து ஒப்பந்தமும் பதிவும் வேண்டும்; வாய்ப்பேச்சில் குடிபோனவருக்கு அந்தக் கதவு எளிதில் திறக்காது. குடிபுகும் நாளிலேயே சுவர், குழாய், மின்மீட்டர் ஆகியவற்றைப் படமெடுத்து வைத்து, அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுப்பவரிடம் ஆதாரமாவது மிஞ்சும்.

2021இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாத அட்வான்ஸ் போதும் என்கிறது. வீட்டைத் திரும்பப் பெறும் நாளிலேயே பணத்தையும் கொடுக்கச் சொல்கிறது. சாவியைக் கொடுத்த கையோடு ஊர்விட்டுப் போகிறவர்கள் மிகுந்த பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் பொருந்தும் விதி அதுதான். தமிழ்நாட்டுச் சட்டமும் அதை ஏற்க வேண்டும்.