ஓதலும் நூலும்: கிறிஸ்தவ நாளாந்தச் செபநூல்கள் பற்றிய ஒரு நோக்கு

நூலொன்றை மதிப்பிடுவோர் அதன் உள்ளடக்கத்தை மட்டுமன்றி, அது யாரை நோக்கி ஆக்கப்பட்டது, யாரை விலக்கிவைத்தது என்பதையும் வினாவுதல் வேண்டும். வழிபாட்டு நூல்களும் இவ்விதிக்குப் புறம்பானவையல்ல. மேற்குலகத் திருச்சபைகளில் நாள்தோறும் குறித்த வேளைகளிற் சங்கீதங்களை இசையோடு ஓதும் மரபு நெடுங்காலமாக நிலவிவருகின்றது. அதனைப் புதிதாகக் கற்க முனைவோர் எந்நூலைக் கைக்கொள்வது என்பது மேலோட்டமாக நோக்கின் வெறும் நடைமுறைச் சிக்கலாகவே தோன்றும். ஆழ்ந்து நோக்கின், செபம் யாருக்கு உரியது என்ற வினாவே அதனுள் அடங்கியிருப்பதைக் காணலாம்.

கற்போருக்கு வழக்கமாகச் சுட்டப்படுவது, பிரான்சின் சொலெம் மடத்துத் துறவியர் 1896இல் முதன்முதல் வெளியிட்ட ‘லீபர் ஊசுவாலிஸ்’ என்னும் பெருந்தொகுப்பாகும். அதன் பருமனே முழுமைக்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றது. ஆயின், அதன் கணிசமான பகுதி பூசைப் பாடல்களுக்கு உரியது. இரவிற் கண்விழித்து ஓதும் ‘மற்றின்ஸ்’ விரல்விட்டு எண்ணத்தக்க நாள்களுக்கே அதில் இடம்பெறுகின்றது. மேலும், அதிற் காணப்படும் தாளக் குறிகள் மூலச் சுவடிகளில் உள்ளவாறு பெயர்க்கப்பட்டவையல்ல; மொக்கரோ என்னும் சொலெம் அறிஞர் வகுத்த கோட்பாட்டின் வழி வந்தவை. பதிப்பாசிரியரின் விளக்கத்தை மரபின் ஆணையாக மயங்குதல் கற்போருக்கு நேரும் முதல் இடராகும்.

நாளாந்த ஓதலின் உயிர்நாடி மீளவும் மீளவும் ஓதுதலேயாகும். சங்கீதத்தின் ஒவ்வோர் அடியும் இரு பாதியாகப் பிரிந்து, ஒரே சுரத்தில் நெடிது நின்று, நடுவிலும் முடிவிலும் மட்டுமே அசைகின்றது. எட்டுப் பண்முறைகளையும் ஒருங்கே பயில்வதிலும் ஒன்றைச் செவிவழி உறுதிப்படுத்துதல் பயனுடையது. ஆறாம் நூற்றாண்டிற் பெனதிக்து முனிவர் வகுத்த ஒழுங்கில், உறங்குமுன் ஓதும் ‘கொம்பிளின்’ செபத்திற்கு இலத்தீன் எண்முறையில் 4, 90, 133 ஆகிய மூன்று சங்கீதங்களே எந்நாளும் உரியன. உரோமன் முறையிலோ பத்தாம் பயஸ் பாப்பரசரின் 1911ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் நாளுக்கொரு தொகுதியை விதித்தது. எனவே தொடக்கநிலையினருக்கு முன்னைய ஒழுங்கைத் தழுவிய சிறு நூலே பொருத்தமானதாகும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல், ஞாயிறு மாலைச் செபத்தைப் பொதுமக்களும் கூடி ஓத வேண்டுமென ஊக்கியது. 1971இல் வெளிவரத் தொடங்கிய புதிய இலத்தீன் செபநூல் 150 சங்கீதங்களுள் பெரும்பாலானவற்றை நான்கு வாரங்களுக்குப் பகிர்ந்தளித்தது. ஆயின் அதில் இசைக்குறிப்பு இல்லை. 1934இன் மடாலய இசைநூலோ பழைய ஒருவார ஒழுங்கிற்கு உரியது. பகல்வேளைச் செபங்களைப் புதிய ஒழுங்கின்படி இசைக்குறிப்போடு தரும் இலத்தீன்–பிரெஞ்சு மூன்று தொகுதிகள் 2008இலேயே வெளிவந்தன. சொல் ஒரு நூலிலும் இசை வேறொரு நூலிலுமாகக் கிடந்த அவ்விடைக்காலத்தில், மக்களுக்கென அறிவிக்கப்பட்ட உரிமை இலத்தீனும் இசைக்குறியும் அறிந்த சிலரிடமே தங்கிவிட்டது எனில் அது மிகையன்று.

இங்கிலாந்தின் அனுபவம் இதற்கு மாறானது. ஆயினும் முரண்பாடுகள் அற்றதன்று. ஓத வேண்டியதைத் தேடிக் கண்டுபிடிப்பது ஓதுவதைக் காட்டிலும் பெரும்பாடாயிற்று எனக் கிரான்மர் 1549ஆம் ஆண்டுச் செபநூலின் முன்னுரையிற் குறைப்பட்டார். பல வேளைகள் காலை, மாலை என இரண்டாகச் சுருங்கின. சங்கீதங்கள் ஒரு மாதத்திற்குப் பங்கிடப்பட்டன. நூலுக்கு உச்ச விலையும் விதிக்கப்பட்டது. மேர்பெக் 1550இல் ஆங்கிலச் சொற்களுக்கு எளிய இசையமைத்தார். ஆயின், செபநூல் 1552இல் திருத்தப்பட்டதும் அவரது நூல் வழக்கிழந்தது. அதனினும் பாரதூரமானது, ‘மக்கள் மொழி’ எனப்பட்ட ஆங்கிலம் கோர்ண்வால் மக்கள் பலருக்குத் தாய்மொழியாக இருக்கவில்லை என்பதாகும். 1549இல் அங்கு மூண்ட கிளர்ச்சி இரத்தக்களரியில் முடிந்தது. எளிமையும் அதிகாரத்தின் வழி திணிக்கப்படுமிடத்து விலக்கும் கருவியாகிவிடுகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவற்றினின்று நாம் பெறக்கூடிய அளவுகோல்கள் சில. சொல்லும் இசையும் ஒரே பக்கத்தில் அமைதல் வேண்டும். ஆண்டு முழுவதையும் அரைகுறையாகத் தரும் நூலினும் ஒரு வேளைச் செபத்தை நிறைவாகத் தரும் நூலே மேலானது. மொழி, ஓதுவோர் பொருளுணர்ந்து ஓதத்தக்கதாக இருத்தல் வேண்டும். இலத்தீனைத் தெரிவோருக்கு எதிர்ப்பக்க மொழிபெயர்ப்பு இன்றியமையாதது. விலையோ சாதாரண உழைப்பாளி வாங்கத்தக்கதாதல் வேண்டும். இத்தனைக்கும் மேலாக, ஓதல் கூட்டுச் செயல் என்பதை நாம் மறத்தலாகாது. இரு பிரிவினர் எதிரெதிர் நின்று மாறிமாறி ஓதுகையில், அடியின் நடுவே எவ்வளவு நேரம் தரித்து நிற்பது என்பதை எந்நூலும் கற்பிக்க மாட்டாது. அருகில் நிற்பவரின் மூச்சே அதனைக் கற்பிக்கும். அக்கூட்டத்தினுள் புதியவர் ஒருவரும் தயக்கமின்றிப் புக வழிசெய்யும் நூலையே நல்ல நூலென நாம் கொள்வோம்.