முழங்காலைப் பாருங்கள்

பொம்மை என்றதும் எல்லாரும் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். கண் எப்படி, உதடு எப்படி, சிரிக்கிறதா, முறைக்கிறதா என்று. பந்துமூட்டுப் பொம்மையைக் கையில் எடுத்தால் நான் முழங்காலில்தான் தொடங்குவேன். நல்ல பொம்மையில் அந்த இடத்தில் ஒன்றல்ல, இரண்டு உருண்டைகள் இருக்கும். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவே தனித் துண்டாக ஒரு சில்லு. மடக்கினால் கெண்டைக்கால் தொடையைத் தொடும் வரை மடங்கும். நீட்டினால் உள்ளே வெட்டியிருக்கும் பள்ளத்தில் உருண்டை போய் உட்காரும் சிறு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு கையை எடுத்துவிடலாம், பொம்மை நிற்கும். மோசமான வேலை என்றால் இரண்டு நொடியில் முழங்கால் வெடுக்கென்று விலகி முன்னால் உதைக்கும். முகத்தை யாரும் மறுபடி வரைந்து சரிசெய்யலாம். முழங்காலைத் தவறாக வார்த்தவனைத் திருத்த வழியில்லை.

உள்ளே என்னதான் இருக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பொம்மையைக் கழற்றியே காட்டுவேன். பொலியூரிதேன் பிசினில் வார்த்த வெற்றுக்கூடுகள். தலைக்குள் ஒரு கொக்கி. அதிலிருந்து கிளம்பும் வட்ட இலாஸ்டிக் கயிறு உடம்புக்குள் இறங்கி, இரண்டு கால்களின் ஊடாகப் பாதத்துக் கொக்கிகளில் முடிகிறது. இன்னொரு கயிறு ஒரு மணிக்கட்டிலிருந்து மார்பைக் கடந்து மறு மணிக்கட்டுக்கு ஓடுகிறது. அவ்வளவுதான். ஆணி இல்லை, திருகு இல்லை, பசை இல்லை. பாதத்துக் கொக்கியைக் கழற்றினால் அறுபது சென்ரிமீற்றர் உருவம் மேசையில் கலகலவென்று உதிர்ந்துவிடும். திரும்பக் கோக்க அரை நாள் வேண்டும், வலுவான பெருவிரலும் வேண்டும். கயிறு தளர்ந்தால் பொம்மை சோர்கிறது. மிஞ்சி இழுத்தால் உதைக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இழுவையைக் கண்டுபிடிப்பதுதான் இந்தக் கலையில் பாதி. மற்றப் பாதியைப் பற்றி மட்டும்தான் எல்லாரும் பேசுகிறார்கள்.

கயிற்றால் உயிர்பெறும் மரப்பாவையை நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. வள்ளுவரே இரண்டு குறளில் அதைக் கொண்டுவருகிறார். கும்பகோணத்தில் டி. என். சங்கரநாதன் நடத்திவந்த ஸ்ரீ முருகன் சங்கீத பொம்மலாட்ட சபாவின் பொம்மைகள் போன்றவை இந்தியக் கயிற்றுப் பாவைகளிலேயே பெரியவை. நாலரை அடி உயரம், பத்துக் கிலோ கனம் வரை போகும். ஆட்டுகிறவர் தலையில் இரும்பு வளையம் மாட்டி, பாவையின் பாரத்தை அந்த வளையத்துக் கயிறுகளில் ஏற்றிக்கொண்டு, கைகளைக் கம்பிகளால் இயக்குவார். அவர் கழுத்தை அசைத்தால் பாவையின் உடல் அசையும். இங்கே நம் இலங்கையில் அம்பலாங்கொடைப் பக்கத்து ரூகட என்ற கயிற்றுப் பாவையாட்டம் இருக்கிறது. 2018இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தார்கள். அது ஆடும் கதைகளில் பல சிங்கள ‘நாடகம’ வகையிலிருந்து வந்தவை. நாடகமவோ தமிழ்க் கூத்தின் வழி வந்தது. ஆகவே ரூகட பார்க்கும்போது எனக்குத் தூரத்து உறவினர் வீட்டுக் கலியாணத்துக்குப் போன மாதிரி இருக்கும்.

ஆனால் அந்தப் பாவைகளுக்கெல்லாம் கயிறு வெளியே, மேலே. ஆட்டுகிறவர் இரவுச் சாப்பாட்டுக்குப் போய்விட்டால் பாவை மூலையில் குவிந்து கிடக்கும். பந்துமூட்டுப் பொம்மைக்குக் கயிறு உள்ளே. ஒருவர் அதை ஒரு நிலையில் நிறுத்திவிட்டுப் போனால் அடுத்த வாரமும் அது அப்படியே நிற்கும். அது ஆடுவதற்கென்று பிறந்ததல்ல, ஒரு அசைவின் நடுவில் நிற்பதற்கு. ரசிக்க வேண்டியது அந்த நிலையைத்தான்.

இதன் வரலாறு நீளமானது, ஓடியே சொல்கிறேன். கிறிஸ்துவுக்கு முந்திய ஐந்தாம் நூற்றாண்டிலேயே கொரிந்துவில் கையும் காலும் அசையும் சுட்டமண் பொம்மைகள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜேர்மன் தொழிற்சாலைகள் பீங்கான் தலைக்குப் பந்துமூட்டு உடல் வைத்து ஆயிரக்கணக்கில் விற்றன. ஹான்ஸ் பெல்மர் என்ற கலைஞர் பேர்லின் அருங்காட்சியகத்தில் பதினாறாம் நூற்றாண்டின் மூட்டு மரப்பொம்மைகளைக் கண்டார். அதன்பின் 1930களில் வயிற்றிலேயே ஒரு பெரிய பந்து வைத்துப் பொம்மை செய்து, கழற்றியும் மாற்றியும் படம்பிடித்தார். அந்தப் படங்களை என் வீட்டில் மாட்டமாட்டேன். பெண்ணுடலைக் கறிக்கடையில் தொங்கவிட்டது போன்றவை அவை. இருந்தும் உடல் வளையும் இடம் இடுப்பல்ல, வயிறு என்று புரிந்துகொண்ட கைவேலைக்காரர் அவர் என்பதை மறுக்க முடியாது. அவருடைய படங்களைப் பார்த்தே ஜப்பானில் யொற்சுயா சிமோன் பொம்மை செய்யும் முறையை மாற்றிக்கொண்டார். 1999இல் கியோட்டோவின் வோக்ஸ் நிறுவனம் ‘சூப்பர் டொல்ஃபி’யைக் கொண்டுவந்தது. அதன்பின்தான் இது வீட்டில் வைத்துத் தைத்து, வரைந்து, கோத்து மகிழும் கலையாயிற்று. கொரியாக்காரர்கள் விரைவிலேயே சேர்ந்துகொண்டார்கள்.

ஊவா மலையில் எங்கள் கொஸ்லந்தைப் பக்கத்துக்கு இந்தப் பொம்மை வந்த வழியும் கொரியாதான். வேலைக்குப் போயிருக்கும் என் அக்கா மகன் விடுமுறையில் வரும்போது கொண்டுவந்தான். விலையைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. ஐந்நூறு அமெரிக்க டொலர் என்பது இந்தப் பொம்மைகளுக்குச் சாதாரண விலை. 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆயிற்று. அந்தச் சம்பளத்தில் கணக்குப் போட்டால் நாலு மாதத்துக்கு மேலே போகிறது. இந்தக் கணக்கு என் தலைக்குள் ஓடாத நாள் இல்லை. அதனால்தான் இரண்டாவது பொம்மை வாங்கும் ஆசையை மற்றச் சேகரிப்புகளில் தீர்த்துக்கொள்கிறேன்: பழைய ரவிக்கைத் துண்டுகள், பித்தளை ஊக்குகள், தையற்கடை வாசலில் கூட்டித் தள்ளும் வெட்டுத்துணி, அறுந்த மணிமாலைகள். இலாஸ்டிக் கயிற்றுக்கு மட்டும் வெளிநாட்டையே நம்ப வேண்டியிருக்கிறது. இதே ஊவாவில், மொனராகலையில் இறப்பர் மரம் நிற்கிறது. பண்டாரவளைக் கடைகளில் கேட்டாலோ பாவாடைக்கு வைக்கும் தட்டை இலாஸ்டிக்கைத்தான் எடுத்துத் தருகிறார்கள்.

நான் கேட்டு வாங்கியது பழுப்பு நிறப் பொம்மை. தொழிற்சாலைகள் வெளுத்த நிறத்தையே ‘சாதாரணத் தோல்’ என்று விற்கின்றன. பழுப்புப் பிசினில் கீறல் விழுந்தால் வெள்ளையாகத் தெரியும், வார்ப்பில் சாயம் திட்டுத்திட்டாகப் படிந்துவிடும் என்று பலர் அதை விரும்புவதில்லை. எனக்கு அந்தத் திட்டுகள் பிடித்திருக்கின்றன. வெயிலில் நிற்கிறவர்களின் தோல் ஒரே நிறமாகவா இருக்கிறது? கண்ணில்தான் விட்டுக்கொடுக்கவில்லை. முட்டைக்கண் பொம்மைகளை என்னால் ரசிக்க முடிவதில்லை. பாதி மூடிய இமை உள்ள தலையாகத் தேடி எடுக்கச் சொன்னேன்.

அந்தத் தலை வெறுமையாகத்தான் வந்தது. வரைவது நம் பாடு. வண்ணச் சுண்ணக் கட்டியைத் தூளாக்கி மெல்லிய தூரிகையால் தடவ வேண்டும். பிசினில் தூள் நேராக ஒட்டாது. முதலில் மங்கல் பூச்சு ஒன்றைத் தெளித்துக் காயவிட்டு, அதன்மேல் நிறம், மறுபடி பூச்சு, மறுபடி நிறம். கன்னத்தில் ஒரு சிவப்பு, மூக்கோரத்தில் ஒரு கருமை என்று ஐந்தாறு அடுக்கு ஏறிய பிறகுதான் தோலுக்கு அடியில் இரத்தம் ஓடுவது தெரியும். காற்றில் ஈரம் இருந்தால் அந்தப் பூச்சு வெளுத்துப் பூத்துவிடும், முழு வேலையும் வீண். பனிமூட்டமே விருந்தாளியாக வந்துபோகும் மலையில் இதை எப்போது செய்வது?

அதற்கு விடை வைத்திருப்பது கச்சான் காற்று. ஆடி, ஆவணியில் மேற்கே மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி இறங்கும் காற்று எங்கள் பக்கம் வறண்டு வீசும். தேயிலைச் செடி அந்த வறட்சியில் தவிக்கும். அந்தத் தவிப்பில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர்வாங்கித் தந்த, பச்சைக்கற்பூரம் கலந்தது போன்ற மணம் ஏறுகிறது. தொழிற்சாலைக்காரர் ஆண்டு முழுவதும் காத்திருக்கும் அதே சில வாரங்களுக்கு நானும் காத்திருக்கிறேன். இஸ்தோப்பில் பாய் விரித்து, தலையை ஒரு குச்சியில் செருகி, காற்று அடங்கும் பின்னேரத்தில் தெளிப்பேன். வெயில் படக்கூடாது, பிசின் மஞ்சளாகும். புருவத்தை மயிர் மயிராக வரைகையில் மூச்சை அடக்க வேண்டும். இரண்டு புருவமும் அச்சாக ஒத்திருந்தால் முகம் செத்துப்போகும். இடது புருவத்தை ஒரு இழை உயர்த்துவது என் வழக்கம்.

ஐப்பசி பிறந்தால் மழை. அப்போது தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு ஊசியை எடுக்கலாம். எங்கள் பொம்மைக்குக் கொழுந்து பறிப்பவரின் உடை என்று தொடக்கத்திலேயே முடிவு. சேலையும் அதன்மேல் இடுப்பில் கட்டும் படங்கும், தலையில் கயிறு மாட்டி முதுகில் தொங்கும் கூடையும். கடதாசியில் கணக்கு எளிது. பொம்மை மனித உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. ஐந்தரை மீற்றர் சேலை 1.8 மீற்றராகும். ஆனால் அளவு சுருங்கினாலும் நெசவு சுருங்குவதில்லையே. நூலின் தடிப்பு அப்படியே இருக்கும். புதுப் பருத்தியில் கொசுவம் வைத்தால் ஒவ்வொரு மடிப்பும் தகரம் மாதிரி விறைத்து நிற்கும். விலையுயர்ந்த பட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். கடைசியில் கைகொடுத்தது, துவைத்துத் துவைத்து நைந்த வொயில் சேலைதான். நூல் தேய்ந்து மெலிந்த துணி மட்டுமே இந்த அளவில் உடம்போடு விழுகிறது. நைந்த துணியைத் தேடி வீடுவீடாகக் கேட்டால் சனம் சங்கடப்பட்டுப் புதுத்துணியை எடுத்துத் தருகிறது. பழையதுதான் வேண்டும் என்று நம்பவைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும்.

கூடைக்கு மூங்கிலைப் பிளந்து, வகிர்ந்து, கண்ணாடித் துண்டால் சுரண்டித் தீக்குச்சியில் பாதித் தடிப்புக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. மலைகளில் இப்போது பிளாஸ்டிக் கூடையும் நைலோன் பையும்தான் அதிகம். பின்னத் தெரிந்த முதியவர் ஒருவர் அடிப்பாகத்தை முடைந்து தந்தார். விளிம்பு கட்டுவதை என் கையால் செய்யச் சொன்னார். நான் கட்டியதைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் அவிழ்த்துவிட்டு அவரே கட்டினார்.

எல்லாம் மாட்டி நிறுத்தியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு மீரியபெத்தைக்காரப் பெண் ஒருவர் வந்து பார்த்தார். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது தப்பியவர்களில் ஒருவர். மக்கல்தெனியவில் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் இரண்டு வருடத்துக்குக் கிட்ட இருந்து, 2016இல் கட்டிக்கொடுத்த 75 வீடுகளில் ஒன்றுக்குப் போனவர். நைந்த சேலை கேட்டுப் போன இடத்தில் பழக்கம். அவரிடம் அந்தத் திகதிக்கு முந்திய துணி ஒன்றும் இல்லை. முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர்.

முகத்தை அவர் பார்க்கவேயில்லை. “கயிறு நெத்தியில கெடக்கு டீச்சர். நெத்தியில போட்டா அரை மணியில தலை வெடிக்கும். உச்சிக்கு ஏத்துங்க.”

ஏற்றினேன்.

“கூடைல ஒண்ணுமில்லாம என்னத்துக்கு இப்படிக் குனியிறா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. குனிந்தால் அழகாக இருக்கிறதென்று நான் குனியவைத்திருந்தேன். வெறுங்கூடையோடு பெண்கள் நிமிர்ந்து வீசி நடப்பார்கள், பாரம் ஏற ஏறத்தான் கழுத்து முன்னால் வரும் என்று அவர் நடந்தே காட்டினார். சரி, பாரம் ஏற்றுவோம் என்று உட்கார்ந்தோம். உயரம் மூன்றில் ஒன்று என்றால் கனம் இருபத்தேழில் ஒன்று. ஒன்பது கிலோ கொழுந்துக்கு 333 கிராம் வருகிறது. 54 கிலோப் பெண்ணுக்கு இரண்டு கிலோ. பொம்மையின் எடையும் ஏறத்தாழ அதுவே. துணிப்பையில் மணலை நிறுத்துக் கூடைக்குள் வைத்தேன். தலை பின்னால் சாய்ந்து, கழுத்துக்குழியில் இடைவெளி விட்டு, பொம்மை வானத்தைப் பார்த்தது.

அதன்பிறகு நடந்ததுதான் இந்த ஆண்டில் எனக்குப் பிடித்த வேலை. தலையைக் கழற்றிக் கயிற்றை இழுத்து விரலகலம் குறைத்து முடிந்தேன். கழுத்துக்குழியின் உட்புறம் சப்பாத்துத் தைப்பவரிடம் வாங்கிய மெல்லிய தோல்துண்டை ஒட்டினேன். உருண்டை வழுக்காமல் பிடித்துக்கொள்ள அதுதான் வழி. முன்னால் வந்த கழுத்துக்கு ஈடாக வயிற்று மூட்டைப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது, அதற்கு இடுப்பு. ஒரு மூட்டை மாற்றினால் எல்லா மூட்டும் இடம் மாறுகிறது. “மலைல ரெண்டு காலும் ஒரு மட்டத்துல எங்க நிக்கும்?” என்று அவர் ஒரு புத்தகத்தை இடது பாதத்துக்கு அடியில் செருகினார். வலது கால் நீண்டு பூட்டியது. இடது முழங்கால் மடங்கி நின்றது. அங்கேதான் அந்த நடுச்சில்லு தன் வேலையைக் காட்டியது: பாதி மடங்கிய நிலையில், உதைக்காமல், 333 கிராம் பாரத்தோடு நின்றது. கொரியாவில் அதை வார்த்தவர் இப்படியொரு சரிவை நினைத்திருக்கமாட்டார்.

மணலின் மேல் துளசி நுனிகளைக் கிள்ளிப் பரப்பினேன். உண்மைக் கொழுந்து இந்தக் கூடைக்கு அளவு மிஞ்சியது. அவர் கூடைக்குள் எட்டிப்பார்த்து, விரலால் கிளறி, மணற்பையைக் கண்டுபிடித்துவிட்டார்.

“கங்காணி பார்த்தா அரைநாள் பேர்தான் போடுவான் டீச்சர்,” என்றார்.