மிகையும் சிவப்பும்

நண்பர் ஒருவர் ஒரு நீள்கவிதையைப் புகழ்ந்து, படிமங்களின் 'ஸினர்ஜி' என்று எழுதியிருக்கிறார். கிரேக்க மூலத்தில் சேர்ந்து உழைத்தல் என்பதுதான் இதற்கு அர்த்தம். 16-ம் நூற்றாண்டில் லூதரன் இறையியலாளர்கள், ரட்சிப்பில் மனித சித்தத்துக்கும் பங்குண்டா என்று இதை வைத்துச் சண்டையிட்டார்கள். மருந்தியலில் இது கறாரான சொல். ட்ரைமெத்தோப்ரிம், ஸல்ஃபமெத்தாக்ஸஸோல் இரண்டும் பாக்டீரியாவின் ஃபோலேட் உற்பத்தியை வெவ்வேறு கட்டத்தில் தடுக்கின்றன. சேர்ந்தால் தடை கூட்டுத்தொகையை மிஞ்சுகிறது. சொல் குறிப்பது விளைவின் அளவு கூடுவதை. 2020-ல் பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக இணைக்கப்பட்டபோதும் இச்சொல் அடிபட்டது. அங்கும் பேச்சு அளவைப் பற்றித்தான்.

கவிதையில் நடப்பது வேறு. வெற்றிலை பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, பாக்கு பழுப்பு, மென்றால் சிவப்பு. மூன்றிலும் இல்லாத ஒன்றை 'அதிகம்' என்று எப்படிச் சொல்வது? 'ஸினர்ஜி' என்பவர் தம்மை அறியாமல் படிமங்களின் எண்ணிக்கையைத்தான் புகழ்கிறார். அதனால்தான் நம் கவிஞர்களும் அடுக்கிக்கொண்டே போகிறார்கள்.

ஒரு படிமத்தை நீக்கிப் பார்க்கலாம். சிவப்பே போய்விட்டால் அது கவிதை. கொஞ்சம் குறைந்ததாக மட்டும் பட்டால், நடந்தது வெறும் கூட்டல். நண்பர் புகழ்ந்த கவிதையில் நான் நான்கை நீக்கினேன். ஒன்றும் ஆகவில்லை.