மீகாமனை மறந்த மெய்க்கீர்த்தி

சிங்கப்பூர்த் தமிழ் மேடைகளில் கடாரம் கொண்டான் புகழ் பேசப்படும்போதெல்லாம் நமக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. 1025ஆம் ஆண்டில் அக்கப்பல்களை வங்கக்கடல் கடந்து கொண்டுவந்து சேர்த்தவன் யார்? வென்ற இராசேந்திரன் பெயர் தெரியும். தோற்ற சங்கிராம விசயோத்துங்க வர்மன் பெயரும் தெரியும். கைப்பற்றிய ஊர்களின் வரிசையோ தஞ்சைப் பெரிய கோயில் கல்லிலேயே உண்டு. சுக்கான் பிடித்தவன் பெயர் மட்டும் அங்கே ஓரெழுத்தும் இல்லை. அரசனைப் பாடுவதே மெய்க்கீர்த்தியின் தொழில் எனச் சிலர் சமாதானம் கூறலாம். கூறட்டும். அத்தொழிலையே இக்காலத்து எழுத்தாளரும் கூலியின்றி மேற்கொண்டிருப்பது ஏன் என்பதே நமது வினா.

சங்கப் புலவர் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டினாரில்லை. மதுரை மருதன் இளநாகனார் பாடிய அகநானூற்று 255ஆம் பாட்டைக் காண்க. பொருள்தேடிக் கடல்கடந்த தலைவனை எண்ணி வருந்தும் தலைவியின் கூற்று அது. அங்கே அரசனும் இல்லை, படையும் இல்லை. இரவும் பகலும் காற்று அலைக்கும் வங்கத்தை, மாடத்து விளக்கொளியால் திசையறிந்து நீகான் செலுத்துகிறான். காதலன் உயிர் யார் கையில் இருக்கிறதென்பதைப் புலவர் அறிந்திருக்கிறார். பெயரைச் சொல்லாவிடினும் தொழிலைச் சொன்னார். தொழிலுக்கு வேண்டிய அறிவையும் சொன்னார். நம் மதிப்பில், கல்லிற் பொறித்த புகழுரை முழுவதையும்விட இச் சில அடிகளே கடலை அறிந்தவை.

ஸ்பானியர் இதில் காரியவாதிகள். 1503இல் செவில் நகரில் வர்த்தக மன்றம் நிறுவியவர்கள், 1508இல் தலைமை மாலுமி என்று ஓர் உத்தியோகத்தையே உண்டாக்கி, அதில் அமெரிகோ வெஸ்புச்சியை அமர்த்தினர். (அவர் பெயரை ஒரு கண்டத்துக்கு இட்டது அதற்கு முந்திய ஆண்டு.) மற்ற மாலுமிகளைப் பரீட்சித்து உரிமைச்சீட்டு அளிப்பதும், திரும்பி வந்தோர் கூறும் செய்திகொண்டு அரசாங்கக் கடற்படத்தைத் திருத்துவதும் அவ்வுத்தியோகத்தின் வேலை. இதனை அறிவின்மேற் கொண்ட காதல் என்று எண்ணிவிட வேண்டா. வழி தவறிய கப்பலோடு மூழ்குவது அரசன் பொன்! ஆயினும் மாலுமியின் அறிவுக்கு அங்கே சம்பளமும் பதவியும் கிடைத்தன.

போர்த்துக்கீசியரின் கதை வேறு. 1498ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் ஆப்பிரிக்காவின் மலிந்தியை விட்டுப் புறப்பட்ட வாஸ்கோ ட காமா, மே 20ஆம் நாள் கோழிக்கோட்டை அடுத்து நங்கூரமிட்டார். வழி காட்டியவர் மலிந்தியில் ஏறிய ஒரு மாலுமி. அவர் குசராத்து முஸ்லிம் என்றும், பெயர் 'மாலெமோ கானா' என்றும் வரலாற்றாசிரியர் பாரோஸ் எழுதினார். அதிலுள்ள 'மாலெமோ' பெயரே அன்று; ஆசிரியன் என்னும் பொருளுடைய 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல். நம் 'மாலுமி'யும் அதுவே! 1572இல் வெளிவந்த காமோயென்ஸின் 'லூசியாதாஸ்' காவியமோ, அவரை மலிந்தி நாட்டு வழிகாட்டி என்ற அளவில் நிறுத்திவிட்டுத் தன் நாட்டுத் தலைவனைத் துதிக்கப் போய்விடுகிறது. தஞ்சைக் கல்லும் லிஸ்பன் காவியமும் இவ்விடத்தில் கைகோத்துக் கொள்கின்றன.

ஆதாரம் இல்லையே, எதைக்கொண்டு எழுதுவது என்பது நம்மவர் சொல்லும் சாக்கு. 1850இல் கான்கிரீவ் என்ற ஆங்கிலேயர், சோழமண்டலக் கரை மாலுமிகள் கையாண்ட கருவிகளைச் சென்னைச் சஞ்சிகை ஒன்றில் விவரித்திருக்கிறார். ஒரு சிறு பலகை. அதன் நடுவே முடிச்சிட்ட கயிறு. பலகையின் கீழ்விளிம்பு தொடுவானத்திலும் மேல்விளிம்பு துருவ விண்மீனிலும் பொருந்துமாறு பிடித்தால், பல்லிடையில் அகப்படும் முடிச்சு இன்ன துறைக்கு நேராக வந்தோம் என்று சொல்லிவிடும். ஒரு காவியத்துக்கு இது போதாதா?

சிங்கப்பூர் எழுத்தாளருக்கோ கண்ணெதிரேயே பொருள் கிடக்கிறது. இந்நீரிணையைக் கடக்கும் வழியை விரித்துரைக்கும் லின்ஸ்கோட்டனின் நூல் 1596ஐ ஒட்டி வெளிவந்தது. அவர் அதைப் போர்த்துக்கீசிய மாலுமிகளின் குறிப்புகளிலிருந்து எடுத்தார். அம்மாலுமிகளுக்கு இந்நீரின் ஆழமும் பாறையும் காட்டினவர், படகையே வீடாகக் கொண்ட ஓராங் லாவுத் மக்கள். ஜூரோங் கரைக்குத் தெற்கே ஏழு தீவுகளுக்கிடையே கிடந்த நீர்வழிகள் தூர்க்கப்பட்டு, ஜூரோங் தீவு என்ற பெயரில் 2000ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டன. அவ்வழிகளின் மேல் இன்று எண்ணெய் ஆலைகள் நிற்கின்றன. அங்கே நம் தமிழ்த் தொழிலாளரும் உழைக்கின்றனர். பக்கத்தில், 1890களில் எழுப்பிய சுல்தான் ஷோல் கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது. இளநாகனாரின் மாடத்து விளக்கைப் படித்தவர்கள் ஒருமுறையேனும் இதனை ஏறிட்டுப் பார்த்து எழுதியதை நாம் கண்டிலோம்.