நடைப்பிணங்களும் நிலைமத் திருப்புத்திறனும்

இறந்தவர்கள் எழுந்து வந்து நம்மைக் கடிக்க முற்பட்டால் எந்த ஆயுதத்தைக் கையில் எடுப்பது? விளையாட்டுக் கேள்விதான். ஆனால் அமெரிக்க எழுத்தாளர் மாக்ஸ் புரூக்ஸ் இதற்குச் சிரிக்காத முகத்தோடு விடை சொல்லியிருக்கிறார். ஜாம்பிகளிடமிருந்து தப்பிப் பிழைக்க வழிகாட்டியாக அவர் எழுதிய ஆங்கில நூல் 2003-இல் வெளிவந்தது. ஜாம்பி என்பது நம் மொழியில் நடைப்பிணம். 1968-இல் ஜார்ஜ் ரொமேரோ இயக்கிய திரைப்படத்திலிருந்து பெருகி வந்த கற்பனை இது. மூளையைச் சிதைத்தால்தான் நடைப்பிணம் விழும் என்பது நூலின் விதி. அந்த விதியை ஒப்புக்கொண்டு, நூலின் ஆயுத அறிவுரைகளை இயற்பியல் தராசில் நிறுத்துப் பார்ப்போம்.

முதலில் பாராட்டு. திரைப்படங்களில் கைதட்டல் வாங்கும் சங்கிலி ரம்பத்தை ஆசிரியர் ஒதுக்கி விடுகிறார். அது கனமானது, எரிபொருள் தீர்ந்தால் உதவாது, அதன் ஓசையே பகைவரை அழைத்து வரும். மூன்றும் சரியான காரணங்கள். அடிக்கும் கருவிகளில் அவர் தேர்ந்தெடுப்பது ஆணி பிடுங்கப் பயன்படும் குட்டையான எஃகுக் கடப்பாரை. அது எளிதில் உடையாது. பூட்டிய கதவையும் நெம்பித் திறக்கும்.

ஆனால் ஓர் ஆயுதத்தின் எடை எவ்வளவு என்பதோடு, அந்த எடை எங்கே இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். 2 கிலோ எடையும் 1 மீட்டர் நீளமும் உள்ள சீரான கம்பியை ஒரு முனையில் பிடித்துச் சுழற்றுவதாகக் கொள்ளுங்கள். அதன் நிலைமத் திருப்புத்திறன் ஏறக்குறைய 0.67 கிலோகிராம் மீட்டர்² ஆகும். அதே 2 கிலோ முழுவதும் சம்மட்டியைப் போல மறுமுனையில் குவிந்திருந்தால் அது 2 ஆகி விடும். அதாவது மூன்று மடங்கு. ஒரே வேகத்தில் சுழற்ற, கை மூன்று மடங்கு ஆற்றல் தர வேண்டும். அடி தவறினால் அந்த ஆற்றல் முழுவதையும் அதே கைதான் தடுத்து நிறுத்த வேண்டும். சம்மட்டியின் ஓர் அடி பலமானதே. ஆனால் அடுத்த அடிக்குள் பகைவன் நெருங்கி விடுவான்.

முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளில் பயன்பட்ட கூர்முனைக் குத்துக்கத்தியையும் நூல் புகழ்கிறது. விசை ஒன்றாக இருந்தாலும், அது படும் பரப்பு 4 சதுர செ.மீ.-இலிருந்து 4 சதுர மி.மீ. ஆகக் குறைந்தால் அழுத்தம் 100 மடங்கு உயரும். ஆகவே புகழ்ச்சிக்குக் காரணம் உண்டு. ஆயினும், ஒரு கடியே நோயைத் தொற்றவைக்கும் என்று சொல்லும் நூல், பகைவனின் பல்லுக்கு எட்டும் தொலைவில் நின்று போரிடும் ஆயுதத்தை இவ்வளவு புகழலாமா? இங்கே எனக்கு உடன்பாடு இல்லை.

இனி அடிப்படைக் குறைக்கு வருவோம். சொலானம் என்ற கற்பனை வைரசால் நடைப்பிணங்கள் உண்டாகின்றனவாம். (தாவரவியலில் இது கத்தரியும் தக்காளியும் அடங்கிய பேரினத்தின் பெயர்!) அவை தின்பது செரிப்பதில்லை என்றும் நூலே கூறுகிறது. அப்படியானால் நடப்பதற்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது? ஓர் உடலில் 10 கிலோ கொழுப்பு இருப்பதாகக் கொள்வோம். கிலோவுக்குச் சுமார் 3.7 கோடி ஜூல் வீதம் மொத்தம் 37 கோடி ஜூல். மனித உடல் மெதுவாக நடக்க ஏறக்குறைய 300 வாட் செலவாகிறது. வகுத்துப் பாருங்கள்: சுமார் 14 நாட்கள். தசையையும் எரித்தால் இன்னும் சில நாட்கள் கூடலாம். அதன் பின் கடப்பாரைக்கு வேலையே இல்லை. ஆற்றல் அழிவின்மை விதி எந்த வைரசுக்கும் விலக்கு அளிப்பதில்லை.

ஆகவே சிறந்த ஆயுதம் தாழிட்ட கதவும், 14 நாட்களுக்குப் போதுமான தண்ணீரும்தான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2011-இல் இதே ஜாம்பிக் கதையைச் சாக்காக வைத்து மக்களுக்கு ஓர் அறிவுரை வெளியிட்டது. அதில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1 காலன், அதாவது 3.8 லிட்டர் தண்ணீர் சேமிக்கச் சொன்னார்கள்; உணவு, மருந்து, வானொலி, முதலுதவிப் பொருள்கள் ஆகியவையும் பட்டியலில் இருந்தன. வாளோ கோடரியோ இல்லை. புயலுக்கும் வெள்ளத்துக்கும் உதவும் பட்டியல் அது. நடைப்பிணம் நம் தெருவுக்கு வராது. புயலும் வெள்ளமும் வரும்.

மாணவ நண்பர்களே, இந்த நூலைத் தாராளமாகப் படியுங்கள்; சுவையான நூல். ஆனால் ஆயுத அத்தியாயத்தைப் படிக்கும்போது அருகில் காகிதமும் பென்சிலும் இருக்கட்டும். கற்பனையான விதியை ஆசிரியர் வகுக்கலாம். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. அந்த விதியிலிருந்து பெற்ற முடிவு சரியா என்று கணக்கிட்டுப் பார்க்கும் உரிமை உங்களுடையது.