வீட்டு வாசலோடு நின்றுவிடும் பயிற்சி

கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி உட்படப் பல கல்லூரிகளில் எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப்பணி முதுகலைப் படிப்பு உண்டு. மருத்துவ, உளமருத்துவச் சமூகப்பணியைச் சிறப்புப் பாடமாக எடுக்கும் மாணவர் குடும்பச் சிகிச்சையைப் பற்றிப் படிக்கிறார்; ஆய்வுமுறைத் தாளில் செயல் ஆய்வைப் பற்றியும் படிக்கிறார். முதலாவதைக் களப்பணியில் கொஞ்சம் தொட்டுப் பார்க்கிறார். இரண்டாவது பெரும்பாலும் தேர்வுத்தாளோடு சரி. இந்த இரண்டையும் சேர்த்தே கற்பித்தால் கொங்குக் குடும்பங்களுக்கென்று உருப்படியான ஒரு சிகிச்சைமுறை கிடைக்கும் என்பது என் கருத்து.

குடும்பச் சிகிச்சை அமெரிக்கச் சரக்கு, நமக்கு ஒட்டாது என்பார்கள். பாதிதான் சரி. 1950-களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளோடு உறவினரையும் கூடாரங்களில் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமும் அதே பத்தாண்டில் அந்த வழக்கத்தைத் தொடங்கியது. உறவுகளைக் கூட்டி உட்காரவைக்க மேலைநாட்டுச் சிகிச்சையாளர் படும் பாடு இங்கே இல்லை. நோயாளியோடு நாலு பேர் தாமாகவே வருகிறார்கள். குடிக்கிற கணவன் வர மறுத்தாலும், வந்த மனைவியை வைத்தே வேலையைத் தொடங்க குடும்பச் சிகிச்சையின் முன்னோடி மரே போவெனின் கொள்கையில் இடமிருக்கிறது. திருப்பூர் மாதிரி ஊரில் அன்றாடம் பயன்படக்கூடிய பாடம் இது.

ஆனால் மாணவரின் தடுமாற்றம் குடும்ப வரைபடத்தில் தொடங்குகிறது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மூன்று தலைமுறை. ஜெனோகிராம் என்கிற இந்தப் படத்தை எல்லா மாணவரும் போடுவார்கள். அத்தை மகனைக் கட்டிய பெண்ணுக்கு மாமியாரே அத்தை. அவர்மேல் சொல்லும் புகார் அப்பாவின் கூடப்பிறந்தவர்மேல் சொல்லும் புகாராகிவிடும். "ஒண்ணுமில்லீங்" என்பதற்குமேல் பேச்சு வராது. பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்ற கணக்கு தெரியாத மாணவருக்கு அந்த மௌனம் புரியாது. கொங்கில் சாதிக்குச் சாதி உறவுமுறை எப்படி மாறுகிறது என்று மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1972-லேயே ஒரு முழு நூல் எழுதினார். அதை வகுப்பில் வைத்துப் படித்தால் என்ன?

நிலத்தையும் அந்தப் படத்தில் காணோம். தமிழ்நாட்டில் மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம உரிமை 1989-லேயே வந்துவிட்டது. ஆனாலும், தன் கல்யாணத்தில் இணைச்சீர்ச் சடங்குக்கு நின்ற தங்கையிடம், சொத்துப் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை அண்ணன் நீட்டுகிறார். அந்தச் சண்டையில் தூக்கம் கெட்டு ஒருவர் மருத்துவமனைக்கு வந்தால், 'குடும்பத்தில் பேச்சுத்தொடர்பு குறைவு' என்று கேஸ் ரெக்கார்டில் எழுதுவது வேடிக்கை.

இதைவிட ஆபத்தானது நடுநிலை என்னும் பாடம். அதிகாரம் ஒருவர் கையில் குவிந்திருக்கும் வீட்டில் எல்லாத் தரப்பையும் சமமாகக் கேட்பது யாருக்குச் சாதகம் என்ற கேள்வியை உளவியலாளர் ரேச்சல் ஹேர்-மஸ்டின் 1978-ல் பெண்கள் சார்பில் எழுப்பினார். இங்கே சாதியும் சேர்ந்துகொள்கிறது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் தலித் இளைஞர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி மறுத்து அவரை மணந்த கௌசல்யா காயங்களோடு தப்பினார். வயதுவந்த இருவரின் திருமணத்தில் எந்தக் கூட்டமும் தலையிடுவது சட்டவிரோதம் என்று 2018-ல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படி மணந்த பெண்ணையும் பெற்றோரையும் ஒரே அறையில் உட்காரவைக்கலாமா கூடாதா என்று முடிவுசெய்யத் தனிப் பயிற்சி வேண்டும். சேர்த்துவைப்பதே வெற்றி என்று நினைக்கும் ஆலோசகர், ஊர்ப் பஞ்சாயத்தின் வேலையைப் பட்டம் வாங்கிக்கொண்டு செய்கிறவர்.

இங்கேதான் செயல் ஆய்வு கைகொடுக்க வேண்டும். உளவியலாளர் குர்ட் லெவின் 1946-ல் முன்வைத்தது எளிய முறை: திட்டமிடு, செய், விளைவைப் பார், திட்டத்தை மாற்றி மறுபடி செய். ஆனால் ஆய்வேடு என்றால் வினாத்தாள், அறுபது பேர், கை ஸ்கொயர் டெஸ்ட், பைண்டிங் என்றே வழக்கமாகிவிட்டது. பதில் சொன்ன குடும்பத்துக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. மாணவரைக் குறைசொல்லிப் பயனில்லை. களப்பணிக்கு வாரத்தில் இரண்டு நாள். பருவம் மாறினால் நிறுவனமும் மாறுகிறது. ஒரு குடும்பம் மனம்விட்டுப் பேசத் தொடங்கும் நேரத்தில் அவர் விடைபெறுகிறார். முதல் சுற்றே முடியாதபோது இரண்டாம் சுற்றுக்கு எங்கே போவது?

செயல் ஆய்விலும் சிக்கல் உண்டு. சிகிச்சை தருபவரே ஆய்வாளராகவும் இருந்தால், மறுத்தால் கவனிக்கமாட்டார்களோ என்ற பயத்தில் கையெழுத்துப் போடுவார்கள். ஒரே குலக்கூட்டத்தார் வாழும் சிற்றூரில் பெயரை மாற்றி எழுதினாலும் யார் கதை என்று ஊருக்கே தெரியும். கல்லூரிக்கு வெளியே உள்ளவர்களும் அடங்கிய அறநெறிக் குழு இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

2017 மனநலச் சட்டத்தின்படி உளமருத்துவச் சமூகப்பணியாளர் எனப்பட எம்.பில். வேண்டும்; எம்.பில்.லையோ யு.ஜி.சி. 2022-ல் நிறுத்த முடிவுசெய்தது. ஆகவே முதுகலையின் பொறுப்பு கூடுகிறது. பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள் முதலில் ஒரு விதியை மாற்றட்டும்: இரண்டாம் ஆண்டு முழுக்க ஒரே இடத்தில் களப்பணி, அந்தக் களப்பணியே ஆய்வேடு. அதற்குப் புதிய கட்டடமோ கூடுதல் நிதியோ தேவையில்லை.